கட்டுதலும் செலுத்துதலும்: கணினிச் சீட்டாட்டம் குறித்த ஒரு திறனாய்வு

சீட்டாட்டத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது கல்லூரி மலரொன்றுக்கு ஏலாது எனக் கருதுவார் உளர். வள்ளுவனார் சூதினைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே, 94-ஆம் அதிகாரமாக வைத்தமையை அவர் எடுத்துக்காட்டுவர். அவர் கூற்றை யாம் முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும், எம் மாணவர் சிலர் கைபேசியில் ஆடும் சீட்டாட்டம் கவறாட்டத்தினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. கவறு ஆடுவோன் கவற்றைச் செய்வதில்லை. இவ்வாட்டத்திலோ, ஆடுவோன் தன் சீட்டுக்கட்டினைத் தானே தெரிந்து அமைத்துக்கொண்டு களம் புகுகின்றான். தெரிந்து அமைத்தல் எங்குண்டோ அங்குத் திறனாய்வுக்கும் இடமுண்டு. அவ்விடத்தின் அளவு எத்துணைத்து என்பதே ஈண்டு நோக்கப்படுவது.

நம்மவர் நன்கறிந்த கடுதாசி விளையாட்டு முந்நூற்று நான்கு. முப்பத்திரண்டு சீட்டு, நால்வர், எதிரெதிர் இருப்போர் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304 என்பதே அதன் பெயர்க்காரணம். முதலில் நான்கு சீட்டு மட்டுமே கைக்கு வரும். அந்நான்கினைக் கொண்டே 160 முதலாகக் கேள்வி கேட்டுத் துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைத்தல் வேண்டும். அரைகுறை அறிவைக்கொண்டு முழுப் பொறுப்பினை ஏற்கும் இவ்வேற்பாடு, இவ்விளையாட்டை வகுத்தோரின் நுண்மதிக்குச் சான்று. எனினும் கட்டு ஒன்றே, அது வீட்டுக்குரியது. எவரும் அதனைத் தமக்கு வேண்டியவாறு திருத்துவதில்லை. கைக்கு வந்ததை நடத்துதல் மட்டுமே ஆடுவோன் தொழில்.

2009-ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், கூடார வாயிலில் நால்வர் நாள்தோறும் முந்நூற்று நான்கு ஆடியதை யாம் கண்டிருக்கின்றோம். அக்கட்டிலே கிளாவர் ஒன்பது தொலைந்துபோயிருந்தது. பிஸ்கற் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, நீல மையினால் எழுதி, அதன் இடத்தில் வைத்திருந்தனர். முதுகு வேறாதலின் அச்சீட்டு எவர் கையிலிருக்கின்றது என்பது நால்வருக்கும் வெளிப்படை. இருபது புள்ளி பெறுஞ் சீட்டு இவ்வாறு வெளிப்பட்டு நிற்கையில் ஆட்டம் கெட்டுவிடும் என்றே எண்ணினோம். கெடவில்லை, வேறோர் ஆட்டமாயிற்று. அதனை உடையவன், எதிரி அதனை அறிவான் என்பதையும் கணக்கிற் சேர்த்து ஆடினான். மறைவு குறையின் சூழ்ச்சி குறையும் என்னும் எம் எண்ணம் அன்று பிழையாயிற்று. இதனைப் பின்னர் மீண்டும் கருதுவோம்.

தானே கட்டினை அமைத்து ஆடும் முறைக்கு வித்திட்டவர் றிச்சாட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர். சேர்மானக் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் வகுத்த 'மஜிக்: த கதரிங்' 1993-இல் வெளிவந்தது. அறுபது சீட்டுக்குக் குறையாத கட்டு; அடிப்படை நிலச்சீட்டு ஒழிந்த எதுவும் நான்கு படிக்கு மேல் வரலாகாது. 2014 மார்ச்சில் 'ஹார்த்ஸ்டோன்' கணினியிலே தோன்றியது. அதற்கு முப்பது சீட்டு. ஒன்று இரண்டு படிக்கு மேற்படலாகாது. 'லெஜென்டரி' எனும் உயர்வகை ஒரு படியே. ஆடுவோனுக்கு உயிர்ப்புள்ளி முப்பது. மானா எனப்படும் ஆற்றல் முதன்முறை ஒன்று, அடுத்தமுறை இரண்டு என ஏறிப் பத்தில் நிற்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை. அவ்விலையளவு ஆற்றல் உள்ளபோதே அதனை இறக்கலாம்.

இவ்விதிகளைப் படித்தபோது எமக்கு நினைவு வந்தது யாப்பிலக்கணம். யாத்தல் என்பது கட்டுதலே. சீட்டுக்கட்டினையும் நாம் கட்டு என்றே சொல்கின்றோம். சொல் ஒப்புமையைக் கொண்டு பொருள் ஒப்புமையை நாட்டுவது பேதைமை என்பதை அறிவோம். ஆயினும் இங்கு ஒப்புமை சொல்லளவில் நிற்கவில்லை. வெண்பாவில் காய்ச்சீர் வரலாம், கனிச்சீர் வரலாகாது. ஈற்றடி முச்சீரால் முடிதல் வேண்டும். இத்தடைகள் இல்லையெனின் வெண்பாப் பாடுதல் திறமையாகாது. முப்பது என்னும் எல்லையும் அத்தகைய தடையே. முப்பத்தோராவது சீட்டு எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கு இடமில்லை. அதனைச் சேர்க்க விரும்புவோன் எதனை நீக்குவது என்று சொல்லல் வேண்டும். கட்டமைப்போன் அறிவு சேர்ப்பதில் அன்று, நீக்குவதிலேயே தோன்றும். எம் மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும்போதும் இதனையே காண்கின்றோம் என்பது வேறு கதை.

நீக்கலின் பயனைக் கணக்கினாற் காட்டலாம். முப்பது சீட்டில் இரண்டு படியுள்ள ஒரு சீட்டினைக் கருதுக. முதலாடுவோன் மூன்று சீட்டுடன் தொடங்கி முறைக்கொன்று எடுப்பானாயின், ஏழாம் முறையிலே பத்துச் சீட்டைக் கண்டிருப்பான். தொடக்கத்திற் சீட்டு மாற்றும் உரிமையை விலக்கிப் பார்ப்பின், அவ்விரு படியில் ஒன்றேனும் அப்பத்தினுள் அமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 56. கட்டு நாற்பது சீட்டாயின் அது 44 ஆகும். 2022-இல் 'பிரின்ஸ் ரெனத்தால்' என்னும் சீட்டு நாற்பது சீட்டுக் கட்டுக்கு உரிமை தந்து, அதற்கு ஈடாக உயிர்ப்புள்ளியையும் நாற்பதாக்கிற்று. செறிவை விற்று ஆயுளை வாங்கும் அவ்வாணிகத்தை அளவுக்கு மீறிப் பலரும் விரும்பினர். அதே ஆண்டில் உயிர்ப்புள்ளியை 35 ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று.

இனி, கட்டமைப்பின் சிறப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1996-இல் போல் ஸ்லை என்பவர் அமெரிக்காவின் அற்லான்ராவில் நடந்த மஜிக் தகுதிப் போட்டியொன்றில் இரண்டாமிடம் பெற்றார். அவர் கையாண்ட செந்நிறக் கட்டினைக் கண்டோர் நகைத்திருப்பர். பிறர் எறிந்துவிட்ட எளிய சீட்டுக்கள் அதில் நிறைந்திருந்தன. அவற்றுளொன்று 'அயன்குளோ ஓர்க்ஸ்'. விலை இரண்டு, வலிமை இரண்டு, தன்னை நோக்கி வரும் வலிமை இரண்டோ அதற்கு மேலோ உடைய உருவைத் தடுக்கவும் அதற்கு இயலாது. தனித்து நோக்குவார்க்கு அது குறையுடைச் சீட்டு. ஆனால் அக்கட்டின் நோக்கம் தடுத்தல் அன்று, இடைவிடாது தாக்குதல். தடுக்கவே விரும்பாதவனுக்குத் தடுக்க இயலாமை என்ன குறை? முதன்முறைக்கு ஒன்று, அடுத்தமுறைக்கு இரண்டு என, உள்ள ஆற்றல் ஒன்றும் வீணாகாதவாறு விலைகளை அடுக்கியதே அதன் வெற்றிக்கு ஏது. இன்று ஆட்டக்காரர் 'மானா வளைவு' என்று பேசும் கருத்து அக்கட்டினாலேயே பரவிற்று. அசைநிலைச் சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் வினவுவோன் அதனைப் பயனில் சொல் என்பான். அடியிலே வைத்து ஓதுவோன் அதன் இடத்தை அறிவான். இச்சீட்டும் அத்தகையதே.

இக்கதையில் மற்றொன்றும் உண்டு. அக்கட்டினை அமைத்தவர் ஸ்லை அல்லர். ஜே சினைடர் என்பவர். கட்டினவர் பெயர் பின்னிற்க, செலுத்தினவர் பெயரே அக்கட்டுக்கு நிலைத்துவிட்டது. இஃது அநீதியா? முதலில் அவ்வாறே எமக்குத் தோன்றிற்று. பின்பு எண்ணிப் பார்க்கையில் அத்துணை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாரதத்திலே பணயம் வைத்தவன் துரியோதனன், கவறு உருட்டியவன் சகுனி. உலகம் அச்சூதினைச் சகுனியின் சூது என்றே சொல்கின்றது. களத்திலே கையை நீட்டியவன் பெயரை மக்கள் மறப்பதில்லை.

கட்டுதலும் செலுத்துதலும் இருவேறு கலைகள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்றே சொல்லத் தோன்றுகின்றது. நளன் கதையை நினைக்க. புட்கரனிடம் நாட்டைத் தோற்ற நளன், வாகுகன் என்னும் பெயருடன் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகன் ஆகின்றான். வழியிலே தான்றி மரமொன்றின் இலையும் காயும் இத்துணை எனக் கண்ணாற் கண்ட அளவிலே இருதுபன்னன் சொல்கின்றான். நளன் அதனை அப்படியே ஏற்கவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வீழ்த்தி, எண்ணிப் பார்க்கின்றான். கணக்குச் சரியாக இருக்கின்றது. அவ்வெண்ணறிவே கவற்றின் உள்ளத்தை அறியும் அறிவு. அதனை அரசன் தர, நளன் தன் புரவியறிவை அவனுக்குத் தருகின்றான். இதனைப் பலரும் சூதுக்கு மந்திரம் பெற்ற கதையாகவே படிப்பர். யாம் இதனை இரு கல்விகளின் பரிமாற்றமாகக் காண்கின்றோம். எண்ணறிவு கட்டுவோனுக்கு உரியது; புரவியறிவு செலுத்துவோனுக்கு உரியது. நாடிழந்த நாளிலே நளனிடம் பின்னது இருந்தது, முன்னது இல்லை. ஆட்டக்காரர் கட்டினை 'ஓட்டுதல்' என்று பேசுவதை முதன்முறை கேட்டபோது நளன் தேரே எம் நினைவில் எழுந்தது.

செலுத்தும் கலை குறித்து எழுந்த எழுத்துக்களுள் தலையாயது மைக் புளோறெஸ் 1999-இல் எழுதிய கட்டுரை. தாக்குவோன் யார் என்பதே அதன் வினா. இரண்டு ஒத்த கட்டுக்கள் எதிர்ப்படும்போது, ஒன்று தாக்கும் நிலையிலும் மற்றொன்று தாங்கும் நிலையிலும் நிற்றல் தவிராது; தன் நிலை எதுவெனப் பிழையாகக் கணித்தவன் தோற்பான் என்பது அவர் துணிபு. இதனிலும் ஆழ்ந்த கருத்து, அந்நிலை கட்டிலே எழுதப்பட்டிருப்பதன்று. எதிரியை நோக்கியே அது தீரும் என்பது. விரைந்து தாக்குங் கட்டு, தன்னினும் விரைந்ததைச் சந்திக்கையில் தாங்கி நின்று காலங் கடத்தல் வேண்டும். வகை வகுத்து அவ்வகைக்கு இலக்கணஞ் சொல்வதோடு நில்லாமல், இடம் நோக்கி இலக்கணம் மாறும் என்று காட்டியமையால் அக்கட்டுரையை உண்மையான திறனாய்வு என்போம். ஆயினும் புளோறெஸ் கூறுவது போல ஒவ்வோர் ஆட்டத்திலும் நிலை ஒன்றாகவே நிற்பதில்லை; நடுவிலே ஒருமுறையோ இருமுறையோ மாறுவதுண்டு. மாறுங் கணத்தை உணர்வதே கடினம் என்பது எம் கருத்து.

உயர்தர வகுப்பில் பயிலும் எம் மாணவன் ஒருவன் அயல்நாட்டு வெற்றியாளர் ஒருவரின் கட்டினை, ஒரு சீட்டும் பிறழாமற் படியெடுத்து ஹார்த்ஸ்டோனிலே ஆடினான். பத்தில் எட்டுத் தோற்றான். "கட்டுச் சரியில்லை, சேர்" என்றான். அருகிருந்து மூன்று ஆட்டம் பார்த்தோம். கட்டிலே குறை காணவில்லை. அது விரைந்து தாக்குங் கட்டு. ஆனால் அவன் எதிரியின் சிறு உருக்கள் ஒவ்வொன்றையும் அழிப்பதிலே தன் ஆற்றலைச் செலவிட்டான். தன் உயிர்ப்புள்ளி பதினைந்துக்குக் குறைந்ததும் அவன் கை நடுங்கிற்று. எதிரியோ அப்போது ஐந்தில் நின்றான். உயிர்ப்புள்ளி காப்பதற்கன்று, செலவிடுவதற்கே என்பதை அவன் உணரவில்லை. அக்கட்டினை அமைத்தவர் ஒவ்வொரு சீட்டையும் எதற்காக வைத்தார் என வினவினோம். பதினொன்றுக்கு விடை சொன்னான். மற்றவற்றை அவர் வைத்திருந்தார், ஆதலின் தானும் வைத்ததாகச் சொன்னான்.

இவ்விடை எமக்குப் பழகிய விடை. வழிகாட்டி நூலிலுள்ள மாதிரிக் கட்டுரையை மனனஞ் செய்து வந்து, வினா சற்றே திரும்பியதும் திகைத்து நிற்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அதற்காகப் படியெடுத்தலையே பழிப்பது தகாது. பழம் புலவரின் யாப்பையும் துறையையும் பின்பற்றாமற் பாடக் கற்றவர் எவர்? முந்நூற்று நான்கிலும் மூத்தோர் பின்னிருந்து பார்த்தே பழகினோம். படியெடுத்தவன் காரணம் வினவாமையே குற்றம். அன்றியும், படியெடுத்த கட்டுக்கு வேறொரு கேடுமுண்டு. முதல் இரண்டு மூன்று சீட்டு இறங்கியவுடனே, பயின்ற எதிரி எஞ்சியவற்றையும் அறிந்துவிடுகின்றான். மெனிக் பாமில் ஒரு சீட்டின் முதுகே வேறாயிருந்தது. இங்கு முப்பதின் முதுகும் பிஸ்கற் அட்டை. அந்நால்வர் தம் ஒன்பது வெளிப்பட்டது என்பதை அறிந்து ஆடினர். எம் மாணவன் தன் முப்பதும் வெளிப்பட்டதை அறியாது ஆடினான். அறிந்தவனாயின், எதிரி அஞ்சிக் காத்திருக்கும் ஒரு சீட்டினை நீக்கி, அவன் அறியாத ஒன்றை வைத்தே ஒரு வெற்றி பெற்றிருக்கலாம்.

இது திறமையா, நல்வினைப்பயனா என்ற வினா எஞ்சுகின்றது. ஓராட்டத்தில் நல்வினை மிகும். நூறாட்டத்தில் திறமை மிகும். 2019 நவம்பரில் கலிபோர்ணியாவின் அனகைமில் நடந்த ஹார்த்ஸ்டோன் உலக இறுதிப் போட்டியில் லீ சியாவ்மெங் என்னும் சீனப் பெண் மூன்றுக்குச் சுழியமாக வென்றார். அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. நம் ஊரிலே கடுதாசி மேசை இன்றும் ஆடவர்க்கே உரியதாய் இருக்க, மகளிர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்செல்கின்றனர். முந்நூற்று நான்கு எமக்கு எத்துணை இனிதாயினும், அம்மேசையைக் காட்டிலும் கைபேசி இவ்வகையில் நேர்மையுடையது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். திரைக்கு அப்பாலிருப்பவர் யார் என அது வினவுவதில்லை.

இத்துணையும் ஆட்டத்தைப் புகழ்ந்தோம். இனி அதன் பெருங்குறையைச் சொல்லாதொழிதல் நேர்மையன்று. சீட்டுக்கள் ஐந்தைந்தாக மூடிய பொதிகளிலே விற்கப்படுகின்றன; உள்ளே என்ன உண்டு என்பது வாங்குமுன் தெரியாது. வேண்டாத சீட்டை அழித்துத் தூளாக்கி, வேண்டியதை அத்தூளினாற் செய்துகொள்ளலாம். லெஜென்டரி ஒன்றைச் செய்ய 1600 தூள். ஒன்றை அழித்தால் வருவது 400. நான்கினைக் கொன்று ஒன்றைப் பெறும் கணக்கு இது. 2022-இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின், டொலர் விலையுள்ள இப்பொதிகள் வன்னி மாணவனுக்கு எட்டாக்கனி. யாப்புத் தெரிந்தும் சொல் வாங்கப் பொருளில்லாத புலவன் நிலை அவனுடையது. மூடிய பொதியை விற்றல் சூதேயாகும் என்னும் வழக்கு வேறு நாடுகளிலும் எழுந்துள்ளது. பெல்ஜியம் 2018-இல் கணினி விளையாட்டுக்கள் சிலவற்றின் கட்டணப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் அடக்கிற்று. வள்ளுவரைக் காட்டி எம்மை மறுப்போருக்கு இவ்விடத்தில் யாம் விடை சொல்லவியலாது. ஆட்டம் சூதன்று, பொதி சூதே.

எல்லாவற்றினும் எமக்கு வருத்தந் தருவது, ஹார்த்ஸ்டோனிலே ஒருவன் தன் சீட்டினை நண்பனுக்கு இரவலாகவும் கொடுத்தல் இயலாது என்பது. அச்சிட்ட மஜிக் சீட்டினைக் கொடுக்கலாம், மாற்றலாம். புத்தகத்தை இரவல் வாங்கியே படித்த ஊர் நமது. ஒரு நூல் நாலு வீடு சுற்றி, அட்டை கிழிந்து, உரியவன் கைக்கு மீள்வதுண்டு. இவ்வாட்டத்திலோ பிறனுக்குப் பயன்படும் சீட்டு இவன் பெட்டியிலே கிடந்து மாளும், அன்றேல் தூளாகும். எல்லோருக்கும் தாராளமாகச் சீட்டு வழங்கிய 'லெஜென்ட்ஸ் ஒவ் ரூன்டெரா' 2020-இல் வெளிவந்து பலராற் புகழப்பட்டது. ஆயினும் வருவாய் போதாமையால், 2024-இல் அதன் நிறுவனம் போட்டியாட்டத்தைப் பின்தள்ளித் தனியாட்டத்தை முன்வைத்தது. ஈகை தோற்றது என்று கூறிக் கையை விரிப்போரோடு யாம் உடன்படவில்லை. எனினும் அவர் காட்டுஞ் சான்று இவ்வாறு இருக்கின்றது.

மேற்கூறிய மாணவன் சென்ற திங்கள் மீண்டும் வந்தான். படியெடுத்த கட்டிலிருந்து இரண்டு சீட்டை நீக்கி, தன்னிடம் கிடந்த எளிய சீட்டு இரண்டை வைத்திருந்தான். ஏன் என வினவினோம். முதலாவதற்கு அவன் சொன்ன காரணம் செவ்விது, எமக்குந் தோன்றாதது. இரண்டாவது பிழையென்றே இன்றுங் கருதுகின்றோம். அவன் ஒப்பவில்லை. மணி அடித்துவிட்டமையால் வழக்கு முடியாமல் நிற்கின்றது.